சகாயம் உட்காரும் இடம்

சகாயம் ஊரிலிருந்து திரும்பிவர இன்னும் பத்து நாள் இருந்தது. தூத்துக்குடி நம்பரிலிருந்து காலையில் போன் வந்ததும், லீவை நீட்டிக்கச் சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, "என்னப்பா, ஊர்ச் சாப்பாடு விடமாட்டேங்குதா?" என்றேன். பேசியது அவன் தம்பி. மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றான். நான் கேட்ட கேள்வியை நினைத்தால் எனக்கே இன்னும் கூசுகிறது.

இங்கே அரபு நாட்டில், முசஃபாவில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துபோன உங்கள் எல்லாருக்கும் அவனைத் தெரியும். பிக்கப் வண்டிகளின் பின்னால் கேரவனை, அதாவது சக்கரம் வைத்த வீட்டை, இழுத்துப் போவதற்கான கொக்கியைப் பொருத்துவது அவன் வேலை. எந்த வண்டிக்கு எந்தக் கேரவன் என்று கவுண்டரில் உட்கார்ந்து பொருத்தம் பார்ப்பது என் வேலை. என்னைவிட ஏழு வயது இளையவன். நான் புதுக்கோட்டைக்காரன் என்றாலும், தன் ஊர் வழக்கப்படி என்னை அண்ணாச்சி ஆக்கிவிட்டான். பிடிவாதக்காரன். குளிக்கப் போனால் லேசில் வெளியே வரமாட்டான்; நாங்கள் எல்லாரும் தங்கும் கேம்பில் அதற்காக அவனோடு சண்டை போடாதவர்கள் குறைவு. போய்விட்டான் என்பதற்காக இதையெல்லாம் மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

பொருத்தம் பார்க்க நான் வைத்திருந்த கணக்கு சின்னது. வண்டியோடு வரும் புத்தகத்தில் எத்தனை டன் இழுக்கும் என்று போட்டிருக்கும். கேரவனின் தகட்டில் அதன் எடை இருக்கும். முதல் எண் பெரிதாக இருந்தால் முடிந்தது வேலை. சகாயம் சிரிப்பான். "பொண்ணு மாப்பிள்ளைய மட்டும் பாத்தாப் போதுமா அண்ணாச்சி? கூட வாறவங்கள யாரு பாக்குறது?" என்பான். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஒரு பெருநாள் விடுமுறைக்கு முந்தைய நாள். அபு சயீத் என்ற உள்ளூர் அரபி, பள்ளி ஆசிரியர், குடும்பத்தோடு மலைப்பாதை வழியாக திப்பா கடற்கரைக்குப் போக எங்களிடம் கேரவன் வாங்கியிருந்தார். அவருடைய பிக்கப் மூன்று டன் இழுக்கும். கேரவன் இரண்டரை டன். ஐந்தே நிமிடத்தில் சீட்டு எழுதிவிட்டேன். சகாயம் கொக்கி வேலையை முடித்தான். கொக்கி கழலாமல் இருக்கக் கடைசியில் செருகவேண்டிய இரும்புப் பின்னை மட்டும் எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "காலிக் கேரவனுக்குத்தான் பொருத்தம் பாத்திருக்கீங்க. இவரு காலியாவா போவாரு? நெறச்சு எடை போட்டாத்தான் மாட்டுவேன்" என்றான்.

மதியத்துக்குள் வண்டியைத் தருவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். சகாயத்தின் விசா புதுப்பிக்கும் தாள் அவர் மேசையில்தான் கிடந்தது. அதைத் தூக்கிக் காட்டி, மாட்டாவிட்டால் கேன்சல் என்று இந்தியில் கத்தினார். நான் அவனைத் தனியே இழுத்துப்போய் நமக்கெதுக்கு வம்பு என்றேன். தப்பு என்னுடையது என்று அந்நேரமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் மேனேஜர் முன்னால் வாய் திறக்கவில்லை. அவன் பதிலில் கோபமே இல்லை.

"மாட்டுனது நாந்தான. மலையில என்ன ஆனாலும் அது என் கைதான் அண்ணாச்சி."

அவனே போய் அபு சயீதிடம் தன் உடைந்த இந்தியில் சொன்னான்: கொண்டுபோகும் சாமான் எல்லாவற்றையும், ஆட்கள் எல்லாரையும் இங்கே கொண்டுவாருங்கள். வாத்தியார் அல்லவா, சோதனை என்றதும் ஒப்புக்கொண்டார். இரண்டு மணி நேரத்தில் வந்து நின்றார்கள். தொட்டி நிறையத் தண்ணீர், ஜெனரேட்டர், கம்பளங்கள், கரி மூட்டை, மனைவி, தாயார், பிள்ளைகள். பிக்கப்பின் பின்தட்டில் உயிரோடு ஒரு ஆடு. தெருமுனையில் பழைய இரும்புக் கடையின் எடைமேடை. அதுவரை ஊர்ந்துபோக மட்டும் கொக்கியை மாட்டினான். மாட்டிவிட்டுத் தானும் பின்சீட்டில் ஏறி, பிள்ளைகளுக்கு நடுவே நெருக்கி உட்கார்ந்தான். நீ எதுக்கு என்று கேட்டேன்.

"பெருநாளைக்குப் போற வண்டியில கடைசி நேரத்துல ஒருத்தராவது ஏறாம இருப்பாங்களா? அந்த ஒருத்தர் நான்" என்றான்.

கேரவன் மட்டுமே மூன்று டன்னைத் தாண்டியது. பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த மூன்று டன் கணக்கே வண்டியில் டிரைவர் மட்டும் இருக்கும்போதுதான் என்று புத்தகத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை அன்றுதான் படித்தேன். மலை இறக்கத்தில் அந்தப் பாரம் பின்னாலிருந்து வண்டியையே தள்ளியிருக்கும். அபு சயீத் எடைச் சீட்டைப் பார்த்துவிட்டு, பொருத்தம் பார்த்தது யார் என்று கேட்டார். நான் புத்தகத்தை மூடினேன். சகாயம் என்னைக் காட்டவில்லை. நாங்கள் இரண்டு பேரும்தான் என்றான்.

அன்றே சிறிய கேரவனாக மாற்றிக்கொண்டார். ஆடும் கம்பளங்களும் அவர் தம்பியின் வண்டிக்குப் போயின. சகாயத்தைக் காட்டி, என் சொந்தக்காரர்களையும் இந்த ஆள் இருக்கும் கடைக்குத்தான் அனுப்புவேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். விசாத் தாளில் விடுமுறை முடிந்ததுமே கையெழுத்து விழுந்தது. நிறைத்து எடை போடுவதும், ஒவ்வொரு முறையும் சகாயம் பின்சீட்டில் ஏறிக்கொள்வதும் கடையின் வழக்கமாயின. அன்று சாயங்காலம் ரூமில் நன்றி சொல்லத் தேடினேன், குளித்துக்கொண்டிருந்தான். கதவுக்கு வெளியே நின்றே சொன்னேன். "சரி அண்ணாச்சி, தண்ணி நின்னுட்டு, மோட்டாரப் போடுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

போன வாரம், ஒவ்வொரு குளிர்காலத்தையும் போலவே அபு சயீத் எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு வந்தார். சகாயம் எங்கே என்றார். சொன்னேன். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு பிக்கப்பின் பின்சீட்டுக் கதவைத் திறந்தார். வளர்ந்துவிட்ட பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்து, நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஒரு ஆள் குறைந்தால் எடை தப்பாக வரும், நீ ஏறு என்றார்.

இத்தனை வருடத்தில் எடை போடும் வண்டியில் நான் ஒருமுறைகூட ஏறியதில்லை. அன்று ஏறினேன். அவன் ஸ்பேனர்களையும் சட்டைகளையும் தம்பிக்கு அனுப்பியாயிற்று. எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த இடத்தை மட்டும்தான். இனி எந்தக் குடும்பம் வந்தாலும், கடைசியாக ஏறும் அந்த ஒருத்தர் நான்.