ராக்கெட் பார்க்கத் தேர்வானவள்

அப்போதுதான் வெட்டி முடைந்த தென்னங்கீற்றின் வாடையை இன்றைக்கும் என்னால் தாங்க முடிவதில்லை. அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறினாலே பதின்மூன்று வயதின் கோபம் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது.

அன்னூரில் நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதை நேரில் காட்டப் பள்ளிக்கு ஒருவர் வீதம் அழைத்துப் போவதாகச் சொல்லி அறிவியல் தேர்வு வைத்தார்கள். எங்கள் பள்ளியில் தேர்வானவள் நான். முதல் கட்டம் எரிந்து கழன்று கடலில் விழும், இரண்டாவது கட்டம் பற்றிக்கொள்ளும் என்று வீட்டுக்கு வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து வைத்து விளக்கி, அம்மாவிடம் "வாயாடி" என்று பெயர் வாங்கியிருந்தேன்.

கிளம்புகிற வாரத்தில் வயதுக்கு வந்துவிட்டேன். தாய்மாமா ஓலை வெட்டி வந்து வாசலோரம் "குச்சு" கட்ட, தீட்டென்று என்னை அதற்குள் உட்கார வைத்து, பயண நாளன்றே "திரட்டி சீர்" என்கிற மஞ்சள் நீராட்டு விழா என்று முடிவு செய்துவிட்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா அன்று சாயங்காலமே பள்ளிக்குப் போய், என் இடத்தில் மாமா மகன் செந்திலை அனுப்பச் சொல்லிவிட்டு வந்தார். அவன் அந்தத் தேர்வையே எழுதாதவன்! தலைமையாசிரியரும், "குடும்ப விசயம், நீங்க சொன்னாச் சரிங்க" என்று தலையாட்டிவிட்டாராம்.

அப்புறம்தான் வானிலை சரியில்லை என்று ராக்கெட் ஏவும் நாள் தள்ளிப்போனது. சீர் முடிந்த மறுநாள்தான் பஸ் கிளம்பும் என்று அம்மா வந்து சொன்னதும் குச்சுக்குள்ளேயே குதித்தேன். இனி என்ன தடை? மஞ்சள் நீராட்டிய ஈரத்தலையோடு அப்பா முன்னால் போய் நின்றேன்.

"மாமன்கிட்டச் சொல்லிப்போட்டேன் கண்ணு. இத்தன சீரு செஞ்சிருக்காரு, இப்பப் போயி பையன் வேண்டாமுன்னா அவரு மனசு என்ன பாடுபடும்?" என்றார் அப்பா.

மாமா மனசு! எங்கள் பக்கத்தில் கதவைச் சாத்தினால்கூட "கண்ணு", "அம்மணி" என்று சொல்லித்தான் சாத்துவார்கள். அடித்திருந்தால் திருப்பிக் கத்தியாவது இருப்பேன். செந்தில் போனான். திரும்பி வந்து, "பொகையாத்தான் தெரிஞ்சுது, எனக்குத் தூக்கம் வந்துருச்சு" என்றான். அவனை அடிக்கப் பாய்ந்தேன். என்னைத்தான் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்கள்.

அதற்குப் பிறகு நம் விண்கலங்கள் நிலவைச் சுற்றின, செவ்வாய்க்குப் போயின, நிலவின் தென்முனைக்கு அருகே இறங்கவும் செய்தன. இப்போது எங்கள் தெருவில் யாரும் குச்சு கட்டுவதில்லை. சீர் மண்டபத்துக்குப் போய்விட்டது, வாசலில் வைக்கும் பேனரில் பெண்ணை ராக்கெட் பக்கத்தில் நிற்க வைத்து அச்சடிக்கிறார்கள். பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நிலவில் இறங்கிய அன்று, டிவியில் புடவை கட்டிய பெண் விஞ்ஞானிகள் கைதட்டிக்கொண்டிருக்க, அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையாக, "என்ற பொண்ணு அப்பவே ராக்கெட் பாக்க செலக்ட் ஆனவளுங்க" என்றார்.

"போனாளான்னும் சொல்லுங்கப்பா" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அப்பா சிரித்துச் சமாளித்தார். "அதுக்கென்ன கண்ணு, இப்ப யாரு வேணாலும் போய்ப் பாக்கலாமாமா. அடுத்த ராக்கெட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"போலாமுங்கப்பா. பதிமூணு வயசுல போக முடியாதுங்க."