அமலாவின் பின்னிருக்கை

வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது சேவியரிடமிருந்து செய்தி வந்தது. "அமலா போய்ட்டா. மழை பெய்யுது, பாத்து வா." அவ்வளவுதான். மனைவி இறந்த செய்தியோடு ஈரச் சாலைக்கான எச்சரிக்கையையும் சேர்த்து அனுப்பக்கூடியவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். நான் எம்ஆர்டி ரயிலில் போகிறவன், மோட்டார்சைக்கிளைத் தொடுவதே இல்லை என்பதுகூட அந்த நேரத்தில் அவனுக்கு மறந்துபோயிருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்து அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, அழுதுகொண்டே கிளமெண்டியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் இணையப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு அமலாவைத் தெரியும். இன்று புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஆயிரம் சிசியைத் தாண்டிய, இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி மாட்டிக்கொண்டு, தார்ச்சாலையிலும் செம்மண்ணிலும் நெடுந்தூரம் போகிற பெரிய மோட்டார்சைக்கிள்களை ஓட்டிப் பார்த்துத் தமிழில் மதிப்பீடு எழுதும் பக்கம் இது. ஓட்டுபவன் சேவியர். தேசிய சேவையில், ராணுவ முகாமில் என் பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டவன். பின்னால் உட்கார்ந்து வருபவர் அவன் மனைவி அமலா. இரண்டு பேரும் பேசுவார்கள், நான் எழுதுவேன். ஒவ்வொரு மதிப்பீட்டிலும் 'முன்னிருக்கை', 'பின்னிருக்கை' என்று இரண்டு பகுதிகள் இருக்கும். வாசகர்களில் பாதிப் பேர் முதல் பகுதியைத் தாண்டிக் குதித்து நேராக அமலாவிடம் போனார்கள் என்பது சேவியருக்கும் தெரியும்.

அந்தப் பகுதி பிறந்தது தேக்கா உணவங்காடியில். இரவல் வாங்கிய ஒரு வண்டியில் எல்லை தாண்டி மெர்சிங் வரை போய்விட்டுத் திரும்பியிருந்தார்கள். சேவியர் கையை ஆட்டி ஆட்டி வர்ணித்தான். வளைவில் வெண்ணெய்போலச் சாய்கிறது, முறுக்கினால் அப்படிப் பாய்கிறது என்று ஒரே புராணம். அமலா வாய் திறக்காமல் தே ஆலியா என்கிற இஞ்சித் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு, "நீ ஓட்டுன வண்டி வேற சேவி, நான் வந்த வண்டி வேற" என்றார். புகைக்குழாயின் சூடு வலது கெண்டைக்காலைச் சுடுகிறது. முன்கண்ணாடி அவனுக்குக் காற்றைத் தடுத்து, அத்தனையையும் இவர் தலைக்கவசத்தில் கொண்டுவந்து கொட்டுகிறது. ஏறும்போது பெட்டியின் மூலை முட்டியில் இடிக்கிறது. வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். சேவியரின் முகம் ஆறிப்போன பரோட்டா மாதிரி ஆகிவிட்டது. நான் அதை அப்படியே எழுதிப் போட்டேன்.

அமலாவுக்கு வேலை காப்புறுதி நிறுவனம் ஒன்றில். சாலை விபத்து இழப்பீட்டுப் பிரிவு. எந்த ஓட்டுநர் மேல் எவ்வளவு தவறு என்று நாளெல்லாம் தீர்மானிக்கிற வேலை. அந்த நியாயத்தை அப்படியே பின்னிருக்கைக்கும் கொண்டுவந்தார். எந்த வண்டியைச் சோதித்தாலும் அதே ஜீன்ஸ், அதே பழைய காலணி, கிளம்பும் முன் அதே இடியாப்பம். "எல்லா வண்டிக்கும் ஒரே அளவுகோல் வேணும்லா. நான் மாறினா தீர்ப்பும் மாறிடும்" என்பார். பயணத்தின்போது பேச மாட்டார். இறங்கியதும் பேச மாட்டார். சூடாக ஏதாவது குடித்து முடிக்கும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டும். "உடம்பு மொதல்ல சொல்லி முடிக்கட்டும், அப்புறம் நான் சொல்றேன்" என்பது அவர் வாடிக்கையாகச் சொல்வது.

சேவியருக்குப் பயந்தவர் இல்லை அவர். குளுவாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் சேவியர் உற்சாகத்தில் செம்மண் பாதையில் வண்டியை விரட்டியபோது, நடுவழியில் அவன் தோளைத் தட்டி நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாராம். "பெட்டியா நான்? பெட்டின்னா பேசாம வரும். நீ போய் ஆடிட்டு வா" என்று சொல்லிவிட்டு, தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். சேவியர் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு கெஞ்சியிருக்கிறான். அந்த வண்டிக்கு 'பின்னிருக்கை' பகுதியில் நல்ல மதிப்பெண்தான் கிடைத்தது. ஓட்டியவனுக்குத்தான் குறைந்தது.

நல்ல இருக்கைக்கு அவர் சொன்ன இலக்கணம் ஒன்று உண்டு. "நல்ல சீட்டுன்னா அதப் பத்தி ஞாபகமே வரக்கூடாது." இதை நான் பல மதிப்பீடுகளில் திருட்டுத்தனமாக என் வாக்கியம்போல எழுதியிருக்கிறேன். கண்டுபிடித்துக் கேலி செய்வார்.

கடைசியாக அவர்கள் சோதித்த வண்டியைப் பெயர் சொல்லாமல் விடுகிறேன். வாசகர்களுக்குத் தெரியும். அதைப்போல ஓர் இயந்திரத்தை ஓட்டியதில்லை என்று சேவியர் சொன்னான். இரண்டு பேர், நிரம்பிய பெட்டிகள், எதிர்க்காற்று எதுவும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் திரும்பி வரும் வழியில், நெடுஞ்சாலை ஓய்வு நிலையத்தில் இறங்கிய அமலா அங்கிருந்த தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். தேக்காவில் என்னைப் பார்த்தபோது தேநீர் முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. "சீட்டு சரியில்ல குணாண்ணே. கீழ் முதுகுல ஆணி அடிச்ச மாதிரி இருக்கு. பின்னாடி ஸ்பிரிங்கும் ரொம்ப இறுக்கம்." சொன்னபடி எழுதினேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டாக வந்திருக்கிறது என்று மூன்று பேருமே சந்தோஷப்பட்டோம்.

அந்த வண்டியின் விற்பனையாளர்கள் மரியாதையாகத் தொலைபேசியில் பேசினார்கள். ஸ்பிரிங்கைத் தளர்த்தி இன்னொரு முறை முயன்று பார்க்க முடியுமா என்று வண்டியை மறுபடியும் கொடுத்தார்கள். அப்போது தொடங்கியது அந்தக் கூத்து. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் சேவியர் அடுக்குமாடிப் புளோக்கின் வாகன நிறுத்துமிடத்தில் ஸ்பேனரோடு உட்கார்ந்துவிடுவான். கொஞ்சம் தளர்த்துவான், அமலாவை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போவான், திரும்பி வருவான். "குத்துதா?" "இன்னும் குத்துது." கொஞ்சம் இறுக்குவான். ஜெல் திண்டு வந்தது, ஆட்டுத்தோல் உறை வந்தது. விற்பனையாளர்களின் வண்டி திரும்பிப் போன பிறகு, வருடக்கணக்கில் நிம்மதியாக உட்கார்ந்து வந்த சொந்த வண்டியிலும் அமலாவுக்குக் குத்த ஆரம்பித்தது. உடனே, "ஷாக் அப்சார்பர் போயிருக்கும்" என்று அமலாவே சொன்னார். சேவியர் ஜாலான் புசாரில் கடை கடையாக ஏறி இறங்கிப் புதிய ஷாக் வாங்கி மாட்டினான். வேறு எந்தக் குடும்பமாக இருந்தாலும் முதல் வாரத்திலேயே கிளினிக்குக்குப் போயிருக்கும். இவர்கள் பட்டறைக்குப் போனார்கள். அந்த உடம்பு அதுவரை எந்த வண்டியைப் பற்றியும் தப்பாகச் சொன்னதில்லை. அதனால் அது தன்னைப் பற்றிச் சொல்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கண்டுபிடித்தது அமலாதான். அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். "குணாண்ணே, இப்ப ஆபிஸ் நாற்காலிலயும் அதே இடத்துல குத்துது. மூணு சீட்டு, ஒரே வலி. அப்ப தப்பு சீட்டு மேல இல்ல." குரலில் நடுக்கம் இல்லை. ஏதோ ஒரு விபத்துக் கோப்பைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசினார். மருத்துவமனையில் பார்த்தபோது புற்றுநோய் எங்கோ தொடங்கி முதுகெலும்புவரை வந்துவிட்டிருந்தது. இனிக் குணப்படுத்த முடியாது, வலியைக் குறைக்கலாம் என்றார்கள்.

அதன் பிறகு சேவியர் சேவியராக இல்லை. வண்டிக்கு உறை போட்டு மூடிவிட்டான். மருத்துவமனை நடைபாதையில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அவ எலும்பு உள்ளுக்குள்ள இத்துப் போய்க்கிட்டு இருந்துருக்கு, நான் ஸ்பிரிங்கத் திருகிக்கிட்டு இருந்தேன்டா. தப்பா திருகி நானே இன்னும் கெடுத்துருப்பேன்" என்றான். டாக்டர் அப்படியில்லை என்று சொல்லியும் அவன் நம்பவில்லை. ஆனால் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சில வாரங்களில் அமலா என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். வரவேற்பறையில் கட்டில் போட்டிருந்தார்கள். ஒருக்களித்துப் படுத்திருந்தார். சேவியர் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

"அந்த வண்டிக்குத் திருத்தம் போடணும். எழுதிக்குங்க" என்றார்.

"இப்ப எதுக்குங்க அதெல்லாம்? யாரு கேட்டா?"

"நான் சொன்னதக் கேட்டு யாராச்சும் வாங்காம விட்டுருப்பாங்கல்லா? தப்பு யார் பக்கம்னு எழுதாம கேஸை மூடக்கூடாது."

எழுதினேன். 'இந்த வண்டியின் பின்னிருக்கை பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். வலி இருக்கையில் இல்லை. என் முதுகில் இருந்தது.' அதோடு முடிந்தது என்று நிமிர்ந்தேன். "இன்னும் இருக்கு" என்றார். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். 'வண்டியைச் சரிசெய்தவர் மேல் எந்தத் தவறும் இல்லை. வலிக்கிறது என்றேன். எங்கே என்று கேட்டார். இருக்கையில் என்று நான்தான் சொன்னேன். நான் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் நம்பினார்.'

"இப்பப் படிச்சுக் காட்டுங்க" என்றார். படித்தேன். "சத்தமா. கிச்சன் வரைக்கும் கேக்கணும்."

மறுபடியும் படித்தேன். பாதியில் நிறுத்தி, பிறகு மிச்சத்தையும் படித்து முடித்தேன். சமையலறையில் குழாய்த் தண்ணீர் நின்றது. சேவியர் ஈரக் கையோடு வாசலில் வந்து நின்று அவரைப் பார்த்தான். அமலா, "புது ஷாக் நல்ல ஷாக். கோபத்துல கழட்டி வித்துடாத" என்றார். அவன் தலையாட்டிவிட்டுத் திரும்பப் போய்ப் பாத்திரம் கழுவினான். அந்தத் திருத்தத்தை நீங்கள் எல்லோரும் வாசித்திருப்பீர்கள். எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் வாசித்தது அதுதான்.

அடக்கப் பூசைக்கும் மண்டாய் தகனச்சாலைக்கும் நம் வாசகர்கள் பலர் பெரிய வண்டிகளில் வந்து, சத்தம் எழுப்பாமல் பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொரு வண்டியிலும் பின்னிருக்கை காலியாக இருந்தது. யாரோ அப்படிப் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். சேவியர் பிரேத வண்டியில் முன்னால் உட்கார்ந்திருந்தான். அன்றும் அழவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு, வண்டியை விற்கப்போவதாகச் சொன்னான். "அதுக்கு முன்னாடி ஒரு உதவி. நீ பின்னாடி உக்காரணும்." நான் விளையாட்டு என்று நினைத்தேன். "அந்தத் திருத்தம் அவ எனக்காக எழுத வச்சதுடா. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு. செட்டிங் சரியா தப்பான்னு உண்மையச் சொல்ல வேற ஒரு உடம்பு வேணும். அவ எடைக்கு வச்சதுதான், இன்னும் தொடல. உனக்கும் அதே எடை." அது உண்மைதான். என் ஒல்லிக் குச்சி உடம்பை வைத்து அமலா என்னைக் கேலி செய்யாத கல்யாண வீடு இல்லை.

இத்தனை காலம் பின்னிருக்கையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன், வாழ்க்கையில் முதல் முறையாக அதில் ஏறினேன். பயத்தில் சேவியரின் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். விரைவுச்சாலையில் ஏறி, துவாஸ் வரை போய்த் திரும்பினோம். லாரிகள் ஓடி ஓடிக் குண்டும் குழியுமாக்கிய சாலை. வேண்டுமென்றே அங்கே கொண்டுபோனான் என்று பிறகு புரிந்தது. வழியெல்லாம் என் மனம் அமலாவிடமே இருந்தது. அவர் எந்தத் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்திருப்பார் என்று யோசித்தேன். ஒரு சிவப்பு விளக்கில் சேவியர் தலையைத் திருப்பி, "குத்துதா?" என்றான். அப்போதுதான் எனக்குக் கீழே ஓர் இருக்கை இருக்கிறது என்பதே நினைவுக்கு வந்தது.

"இல்லடா. ஒண்ணுமே குத்தல."

"பொய் சொல்லாத."

"சத்தியமா இல்ல."

விளக்கு பச்சையானது. பின்னாலிருந்த டாக்சி ஹாரன் அடித்தது. "அப்ப ஸ்பிரிங் சரியாத்தான் இருந்துருக்கு" என்றான். பிறகு கியரைப் போட்டான்.

வண்டியை அவன் இன்னும் விற்கவில்லை. விற்பானா என்று தெரியாது. நான் கேட்கவும் போவதில்லை. 'பின்னிருக்கை' பகுதி இனி வராது. அந்த இடத்தில் வேறு ஒருவரை உட்காரவைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அமலாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். யாராவது வலிக்கிறது என்று சொன்னால், எங்கே என்று ஒரு முறை கேட்டு, சொன்ன பதிலை எடுத்துக்கொண்டு போய்விடுவதில்லை. இன்னொரு முறையும் கேட்கிறேன். நேற்றுச் சேவியரிடம், எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். தோள்பட்டை கொஞ்சம் பிடித்திருக்கிறது, தலையணை சரியில்லை என்றான். மறுபடியும் கேட்டேன். அப்போதுதான் அழுதான்.