ஏ ஷிப்ட் வாரங்கள்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ஐந்து பேர். ஐவருக்கும் சேர்த்துப் பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர் ஒரே ஆள், பெரியப்பா. அப்பா லாரியில் வெளிமாநிலம் சுற்றிக்கொண்டிருந்தார். அம்மா சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தாள். பெரியம்மா விடிந்தால் கழனியில் இருப்பார். காலைப் பாலை சொசைட்டியில் அளந்து முடித்ததும் ஓய்வாக இருப்பவர் பெரியப்பா மட்டும்தான். அவர் சட்டைப் பையில் பேனாவும் இருந்தது.

வகுப்பு வகுப்பாகப் போவார். நின்றுகொண்டே புகாரைக் கேட்பார். அருகில் நிற்கும் பிள்ளையின் காதைத் திருகுவார். "கண்ண மட்டும் வுட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க டீச்சர், நா ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்பார். மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடுவார். ஐந்து வகுப்பும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒருமுறை தன் மகன் ஜன்னல் கண்ணாடியை உடைத்ததற்கு என் காதைத் திருகிவிட்டார். டீச்சர் எடுத்துச் சொன்னதும், "இருக்கட்டும், அடுத்ததுக்குக் கழிச்சிக்கலாம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

நான் ஏழாம் வகுப்புக்குப் போனபோது புதிதாக ஒரு வகுப்பு டீச்சர் வந்தார். கணக்கும் அவர்தான். அரையாண்டுத் தேர்வில் நான் கணக்கில் தேறவில்லை. கூட்டத்துக்கு வழக்கம்போல் வந்த பெரியப்பாவிடம் டீச்சர் அட்டையை நீட்டவில்லை. "நீங்க வந்தது சந்தோஷம்ங்க. ஆனா இவ அம்மாவத்தான் நான் பாக்கணும்" என்றார். கையெழுத்துப் போடாமல் பெரியப்பா ஒரு வகுப்பைவிட்டு வெளியே வந்தது அதுவே முதல் முறை. சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். பிறகு, "இன்னா டீச்சரு இது, திட்டக்கூட தெரியல" என்றார்.

திங்கட்கிழமை என்னிடம் ஒரு சீட்டு வந்தது. அதை நோட்டில் ஒட்டி இன்றுவரை வைத்திருக்கிறேன். தேதி இருந்த இடத்தில் கோந்து ஊறிவிட்டது. பொங்கலுக்கு முந்தைய வாரம் என்பதுவரை உறுதி. அதில் இரண்டு வரிகள். உங்களுக்கு எந்த நேரம் தோது என்று எழுதி அனுப்புங்கள், நான் இருக்கிறேன். உங்கள் மகள் வீட்டில் விரும்பிச் செய்கிற ஏதாவது ஒன்றைக் கொண்டு வாருங்கள்.

அம்மா அதை இரண்டு முறை படித்தாள். "நமக்கு எது தோதுன்னு கேக்குறாங்களா?" என்று என்னையே கேட்டாள். ஒரு துண்டுத் தாளில், 'இந்த வாரம் ஏ ஷிப்ட். வியாழன் நாலு மணிக்கு வரேன்' என்று எழுதினாள்.

அம்மாவின் பையில் இன்னொரு தாளும் இருந்தது எனக்குத் தெரியும். அத்தை வாங்கி அனுப்பியிருந்த கடலூர் ஹாஸ்டல் விண்ணப்பம். வகுப்பு டீச்சர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ஜூன் மாதம் நான் ஹாஸ்டலுக்கு, மூன்று வயதுத் தம்பி அத்தை வீட்டுக்கு. "இந்த டீச்சரும் கொற சொன்னா, போட்டுக் குடுக்கச் சொல்லிடுவேன்" என்று அம்மா சொல்லியிருந்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அழுது பார்த்திருப்பேன். அவள் முடிவெடுத்த குரலில் சொன்னாள்.

வியாழக்கிழமை கம்பெனி நீலச் சட்டையைக்கூட மாற்றாமல் அம்மா நேரே வந்தாள். வகுப்பில் வேறு யாரும் இல்லை. மேசைக்கு எதிரே போய் நின்று, டீச்சர் எதுவும் கேட்பதற்கு முன்பே, "அடிங்க டீச்சர், நா ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள். பெரியப்பாவின் பாடம் அவளுக்கும் மனப்பாடம்.

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் அம்மாவை உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். என்னை நடுவில் இருத்தினார்.

"அடிச்சா கணக்கு வராதும்மா. நீங்க சொல்லுங்க, வீட்ல இவ எப்படி?"

அம்மா என்னைப் பார்த்தாள். பதில் எனக்குத்தான் தெரியும் என்பதுபோல.

"வூட்லயா? நல்லாத்தான் இருப்பா. எத பாத்தாலும் எழுதி வெப்பா. கரண்டு எத்தினி மணிக்குப் போச்சு, கேஸ் என்னிக்கு வந்துச்சு, எல்லாம் எழுதணும் அவளுக்கு. இவங்கப்பா ஊருக்கு வந்தா மணி பாத்து எழுதுவா, போனாலும் எழுதுவா." சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு பழைய காலண்டர் அட்டையை எடுத்தாள். "கொண்டாரச் சொன்னீங்களே, இதான் கெடச்சிது."

அது எங்கள் கதவில் நான் ஒட்டிவைத்திருந்த அம்மாவின் ஷிப்ட் அட்டவணை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஜூன் மாதத்திலிருந்து வாரம் வாரமாக எழுதியது. ஏ என்றால் காலை ஆறிலிருந்து இரண்டு. பி என்றால் மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து. ஒரு வாரம் ஏ, ஒரு வாரம் பி.

டீச்சர் அதை வெகுநேரம் பார்த்தார். எழுந்துபோய் வருகைப் பதிவேட்டை எடுத்துவந்து பக்கத்தில் விரித்தார். என் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளிகள். தாமதமாக வந்த நாட்கள். விரலால் இரண்டையும் தொட்டுத் தொட்டு நகர்ந்தார். ஏ வாரத்தில் ஐந்து புள்ளி. பி வாரத்தில் ஒன்றுமில்லை. மறுபடி ஏ வாரத்தில் ஐந்து.

"மொத பீரியடு கணக்கு" என்றார், யாரிடமும் சொல்லாததுபோல.

எனக்குக் காது சூடேறியது. ஏ ஷிப்ட் வாரங்களில் அம்மா ஐந்து மணிக்கே கம்பெனி பஸ் பிடிக்கப் போய்விடுவாள். பக்கத்து வீட்டு அக்கா தம்பியை அங்கன்வாடியில் விடுவது என்று ஏற்பாடு. ஆனால் அந்த அக்கா தையல் கம்பெனியில் சேர்ந்து மாதக்கணக்காகிறது. அங்கன்வாடி திறக்கும்வரை வாசலில் தம்பியோடு நான்தான் காத்திருப்பேன். டீச்சரிடம் பஸ் வரவில்லை என்பேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஹாஸ்டல் பேச்சு வரும் என்று பயம்.

"அப்ப தம்பிய யாருடி வுடுறது?" என்றாள் அம்மா.

"நான்தாம்மா."

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை. அம்மா புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் என் விடைத்தாளைப் பிரித்து, எந்தெந்தக் கணக்கு எனக்கு வரவில்லை, அவை எந்த வாரம் நடத்தியவை என்று காட்டினார். விட்டதையெல்லாம் மதிய இடைவேளையில் தானே சொல்லித்தருவதாகச் சொன்னார். தலைமை ஆசிரியரிடம் பேசிக் கணக்குப் பாடத்தை மூன்றாம் பீரியடுக்கு மாற்ற முடியுமா என்று கேட்பதாகவும் சொன்னார்.

"நீங்க ஒங்க பக்கம் பாத்துக்கங்க டீச்சர். காலைய நா பாத்துக்கறேன்" என்றாள் அம்மா. கம்பெனியில் மெஷினை நிறுத்துகிறவள்போல அத்தோடு பேச்சை நிறுத்தினாள். விண்ணப்பம் பையைவிட்டு வெளியே வரவேயில்லை.

அந்தச் சந்திப்புக்கு ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அன்றைய குறிப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். விஷயம் தெரிந்ததும் பெரியப்பா, "நா போயிருந்தா அஞ்சு நிமிசம்" என்றார். அம்மா அவருக்கு ஒரு வேலை கொடுத்தாள். "சாயந்தரம் சின்னவன அங்கன்வாடிலேர்ந்து கூட்டாந்து ஒங்க வூட்ல வெச்சிக்குங்க மாமா. இவளும் ஸ்கூல் வுட்டதும் அங்கயே வந்துடுவா." அவர் மறுக்கவில்லை. சைக்கிளில் ஒரு சின்ன சீட் மாட்டிக்கொண்டார்.

பொங்கல் முடிந்து அம்மா கம்பெனியில் கூட வேலை பார்த்த ஒரு அக்காவோடு ஷிப்டை மாற்றிக்கொண்டாள். ஏ வாரங்கள் அந்த அக்காவுக்கு, பி வாரங்கள் முழுக்க அம்மாவுக்கு. காலையில் அவளே தம்பியைக் கிளப்பினாள், எனக்குத் தலை பின்னிவிட்டாள். என் பெயருக்கு நேரே புள்ளிகள் நின்றுபோயின. ஆண்டுத் தேர்வில் கணக்கில் தேறினேன்.

நான் பள்ளியிலிருந்து திரும்பும்போது அம்மா கம்பெனியில் இருப்பாள். அவள் வீட்டுக்கு வரும்போது நாங்கள் பெரியப்பா வீட்டில் தூங்கிப்போயிருப்போம். அவளே தம்பியைத் தூக்கிக்கொண்டு, என்னைத் தூக்கக் கலக்கத்திலேயே நடத்திவந்து படுக்க வைத்திருக்கிறாள் என்பது காலையில்தான் தெரியும். நான் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை இப்படித்தான் நடந்தது.

கதவில் ஒட்டப் புது அட்டை தயாரித்த அன்று என் நோட்டில் ஒரு வரி இருக்கிறது. 'இனிமேல் சுலபம். எல்லா வாரத்துக்கும் பி என்று ஒரே எழுத்து போட்டால் போதும்.' அதற்குக் கீழே சந்தோஷத்தில் ஒரு பூவும் வரைந்திருக்கிறேன்.