இரட்டைப் பிள்ளை பெற்ற கை

எனக்கு இரட்டைப் பிள்ளைகள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவிவிட்டால் சுளுக்குப் போய்விடும் என்று எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவில் ஒரு நம்பிக்கை. யாருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டாலும் என் வாசலுக்குத்தான் வருவார்கள்.

போன மாதம் ஒருநாள் காலையில் எதிர்வீட்டுச் செல்வி வந்தாள்.

"நேத்துலேர்ந்து கழுத்த திருப்ப முடியலக்கா. வேலைக்குப் போவணும், கொஞ்சம் நீவி வுடுங்க."

விளக்கெண்ணெய் தடவி நீவினேன். வழக்கம்போல் கடைசியில் தாடையைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினேன். சடக்கென்று சத்தம் கேட்டது. செல்வி வீறிட்டாள். எழுந்து வண்டிச் சாவியை எடுத்தாள். அது கையில் நிற்காமல் விழுந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடியும் விழுந்தது.

"அக்கா, வெரலு என்னுது மாதிரியே இல்லியே!"

ஆட்டோவில் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்குக் கைக்குழந்தை வேறு இருக்கிறதே!

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா என் கழுத்தில் விரலை வைத்து, தோள் வழியாக உள்ளங்கைவரை கோடு இழுத்துக் காட்டினார்.

"கைக்குப் போற நரம்பெல்லாம் இங்கேர்ந்துதாம்மா கெளம்புது. கழுத்தெலும்புக்கு நடுவுல இருக்கற ஜவ்வு பிதுங்கி அத அழுத்துது. இன்னும் கொஞ்சம் திருப்பியிருந்தீங்கன்னா காலும் சேர்ந்து விழுந்திருக்கும்."

கழுத்துப் பட்டையும் மாத்திரையுமாகச் செல்வி தேறிவருகிறாள். இப்போதும் யாராவது கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வருகிறார்கள். டாக்டரிடம் போகச் சொல்கிறேன். கேட்காமல் கெஞ்சினால் எதிர்வீட்டைக் காட்டுகிறேன். அங்கே செல்வி, குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட இன்னமும் தடவிக்கொண்டிருப்பாள்.