பரங்கிப்பேட்டை அக்காவின் வாய்தா

பத்தாவது நடுவிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பரீட்சை நெருங்க நெருங்கப் பயம். ஒருநாள் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. செல்போன் கடை, கொரியர் என்று சுற்றிவிட்டு, டுட்டோரியலில் சேர்ந்து, விட்ட பரீட்சைகளையெல்லாம் எழுதி, டிகிரி முடித்து, சட்டம் சேர்ந்தபோது எங்கள் வகுப்பில் முன்மண்டை வழுக்கையோடு உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். சிதம்பரத்தில் ஒரு பெண் வக்கீலின் ஆபீசுக்கு முதல் இன்டர்ன்ஷிப் போனபோது, வருகிற பார்ட்டியெல்லாம் எழுந்து நின்று எனக்கு வணக்கம் வைத்தார்கள்.

"மாப்ள, உன்னையும் மேடத்தையும் நிக்க வச்சா நீதான் சீனியர்னு சொல்லுவாங்க" என்பார் குமாஸ்தா.

இரண்டாவது வாரம் மேடம் கூப்பிட்டார். "நாளைக்குக் கடலூர் ஃபேமிலி கோர்ட்ல பரங்கிப்பேட்டை அம்மாவோட ஜீவனாம்ச கேஸு. இங்க ஒரு மேட்டர முடிச்சிட்டு வந்துடுறேன். நீ முன்னாடியே போய் அவங்களோட இரு. நான் வர்றதுக்குள்ள கூப்பிட்டுட்டா, அவங்களே உள்ள போய் 'எங்க வக்கீல் வந்துட்டிருக்காங்க'ன்னு சொல்லட்டும். நீ பேசக் கூடாது. அவ்ளோதான்."

யாராவது 'அவ்வளவுதான்' என்றாலே அதில் ஏதோ ஒன்று தப்பப் போகிறது என்று எனக்குத் தோன்றும். அந்த அம்மாவின் கணவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு வருஷக்கணக்காகச் செலவுக்கு எதுவும் அனுப்பாதவர். இப்போதுதான் லீவில் வந்து மாட்டியிருந்தார். கூப்பிடும்போது இந்த அம்மா போய் நிற்காவிட்டால் மனு தள்ளுபடி. அவர் மறுபடி விமானம் ஏறிவிடுவார். பஸ் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் இதை எத்தனை தடவை நினைத்தேனோ தெரியாது.

பரங்கிப்பேட்டை அம்மா எனக்கு முன்பே வந்து, கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கறுப்பு பர்தா, மடியில் ஒரு கட்டைப்பை.

"வக்கீல் தம்பியா?"

"இல்லக்கா, நான் இன்னும் படிக்கிறேன்."

"இந்த வயசுலயா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "படி படி, நல்லதுதான்" என்றார்.

ஹாலுக்குள் அவர் கணவரும் கூட வந்தவர்களும் முதல் வரிசையில் இருந்தார்கள். "அந்தாளு கண்ணுல படுற மாதிரி என்னால உக்கார முடியாது தம்பி" என்றார் அக்கா. எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆனால் டீ குடிக்கப் போய் வாய்தாவைத் தவற விட்டவர்களின் கதைகளைக் குமாஸ்தா நிறையச் சொல்லியிருந்தார். அதனால் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன்: "நான் வந்து கூப்பிடற வரைக்கும் இந்த இடத்த விட்டு அசையாதீங்கக்கா."

பிறகு ஹால் வாசலுக்குப் போவதும் கேட்டுக்குப் போய் மேடத்தின் கார் வருகிறதா என்று பார்ப்பதுமாக அலைந்தேன். கேட்டில் நிற்கும்போதுதான் மேடத்தின் போன் வந்தது. "ஆலப்பாக்கம் ரயில்வே கேட்ல நிக்கிறேன், ரயில் போகணும்." அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து, பெயர் கூப்பிடும் டவாலியின் குரல் கேட்டது. அக்காவின் பெயர்.

ஓடினேன். அக்கா அதே பெஞ்சில், பையை அணைத்தபடி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க பேருதான்!"

"தெரியுது தம்பி. ரெண்டு தடவை கூப்ட்டாச்சி. நீ வந்து கூப்பிடற வரைக்கும் அசையக் கூடாதுன்னியே?"

மூன்றாவது அழைப்பு வந்தது. ஹால் வாசலில் நின்று அக்கா குனிந்து செருப்பின் வாரைக் கழற்ற ஆரம்பித்தார். வார் சிக்கிக்கொண்டது.

"செருப்போடயே வாங்கக்கா!"

"கோர்ட்டுக்குள்ளயா?"

உள்ளே எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லிக்கொண்டிருந்தார்: "பெட்டிஷனர் மூணு தடவை கூப்பிட்டும் வரலைங்கய்யா." நீதிபதி பேனாவைத் திறந்துவிட்டார். அந்தப் பேனாவைப் பார்த்ததும் என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "இருக்காங்கய்யா!"

ஹாலே திரும்பிப் பார்த்தது.

"நீங்க எந்த வக்கீல்?"

"வக்கீல் இல்லைங்கய்யா. இன்டர்ன்."

"இன்டர்னுக்கு இங்க என்ன பேச்சு?"

கதவோரம் ஒதுங்கினேன். அப்போது அக்கா, ஒரு காலில் செருப்போடு, உள்ளே வந்து கைகூப்பினார். "நான்தாங்கய்யா அது. வெளியிலதான் இருந்தேன். எங்க வக்கீலம்மா வந்துட்டிருக்காங்க."

நீதிபதி அவரது காலைப் பார்த்தார். பேனாவை மூடினார். "கடைசியில கூப்பிடுறேன். தம்பி, நீங்க வெளியில நில்லுங்க."

மேடம் வந்ததும் நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். குடும்ப வழக்கில் சாட்சி விசாரணை என்பதால் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே அக்கா தடுமாறுகிறாரா, கல்லூரிக்கு என்னைப் பற்றி எழுதிவிடுவார்களா, மேடம் சாயங்காலமே வரவேண்டாம் என்று சொல்லிவிடுவாரா என்று மாறி மாறி நினைத்துக்கொண்டு அந்தக் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தபடி நின்றேன்.

வெளியே வந்த அக்கா பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "எல்லாம் கேட்டாங்க. அந்தாளு மூஞ்சியப் பாத்தே சொன்னேன்" என்றார். உத்தரவுக்குத் தேதி போட்டிருந்தார்கள். மேடம் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "இனிமே பார்ட்டிய உள்ள உக்கார வச்சிட்டு நீ மரத்தடியில நில்லு."

உத்தரவு வந்த நாளில் என் இன்டர்ன்ஷிப் முடிந்திருந்தது. இருந்தும் கடலூருக்குப் போய் கடைசி வரிசையில் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கணவர் மாதாமாதம் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும், விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்து. வெளியே வந்து மேடம், அன்று வராத அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் சொன்னார்.

அந்தப் பக்கம் ஏதோ பொரிகிற சத்தம் கேட்டது. லைன் சரியில்லையோ என்று எட்டிப் பார்த்தேன். பிறகு குரல் வந்தது.

"சரிங்க மேடம். அடுப்புல மீனு கெடக்கு. அப்புறமா கூப்பிடுறேன்."

மேடம் போனைக் கையிலேயே வைத்திருந்தார். அது திரும்ப அடிக்கட்டும் என்று நானும் பக்கத்தில் நின்றேன்.