இரண்டு இரண்டாக நின்ற பூச்செடிகள்

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குப் புத்தளம் பஸ் கொழும்பை விட்டுப் புறப்பட்டது. என் மடியில் ஒரு சுருள் கோழிக்கூட்டுக் கம்பிவலை. பக்கத்தில் இருந்தவர் சிலாபம் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்து, இறங்கும்போது, "கோழி எங்க தங்கச்சி?" என்று கேட்டார். பூ அலங்காரத்துக்கு என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

வெள்ளவத்தையில் எனக்கு ஒரு பூக்கடை இருக்கிறது. பச்சை நுரைக்கட்டியில் பூவைக் குத்திக் குத்தியே மணவறை சோடித்துப் பத்து வருடம் ஓடிவிட்டது. அந்தக் கட்டி மண்ணில் மக்காது. மறுநாள் குப்பையில் அது நொறுங்கிக் கிடப்பதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கும். அதனால்தான் புத்தளத்தில் கலியாண அலங்காரம் செய்யும் நளீம், "நுரைக்கட்டி இல்லாமல் இரண்டு நாள் வேலை செய்து பார்ப்போம், ஒன்பது பேர் கூடுகிறோம்" என்று அழைத்ததும் உடனே ஓம் என்றேன். கம்பிவலை அந்தக் கட்டிக்குப் பதிலாகத்தான்.

ஒன்பதரைக்குப் பாலாவிச் சந்தியில் இறங்கிக் கற்பிட்டி பஸ் பிடித்தேன். பத்தேகாலுக்கு நுரைச்சோலை. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், ஓட்டோவுக்கு நானூறு ரூபா. தென்னந்தோட்டத்துக்கு நடுவே ஒரு பழைய வீடு. தெற்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, மேற்கே கடல். காற்று ஒரு நிமிடமும் நிற்கவில்லை. வாயைத் திறந்தால் பல்லில் மணல் நறநறத்தது.

நளீம் விதிகளைச் சொன்னார். கடைப் பூ கூடாது. நடந்துபோகும் தூரத்தில் கிடைப்பதை மட்டும் எடுக்க வேண்டும். முடிந்தால் வேரோடு எடுத்து, தண்ணீரில் வைத்துக் காட்டிவிட்டு, மறுநாள் திரும்ப நட வேண்டும். வாடுவதற்கு எதுவும் மிஞ்சாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பதினொன்றரைக்கு ஆளுக்கொரு திசையில் பிரிந்தோம். மற்றவர்கள் அடம்பன் கொடியையும் தாழையையும் தேடிப் போக, நான் வடக்கே மணல்மேடுகளைத் தாண்டினேன். நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் என் காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. மேட்டுக்கு அப்பால் ஒரு பள்ளம். அங்கே மட்டும் காற்றுச் சத்தம் அடங்கி, இனிப்பான ஒரு வாசம் தேங்கி நின்றது. தடித்த நீள இலைகளும் சிலந்திக் கால்போல் விரிந்த வெள்ளைப் பூக்களுமாக, மணலில் வளரும் கிழங்குச் செடிகள். சிங்களத்தில் தொலபோ என்பார்கள். எல்லாம் இரண்டு இரண்டாக நின்றன. ஒவ்வொரு சோடியிலும் இரண்டு செடிக்கும் இடையே ஏறக்குறைய ஆறடி. எல்லாச் சோடிகளும் ஒரே திசையில், தெற்கு வடக்காக.

யாரோ அளந்து நட்டிருக்கிறார்கள், நல்ல கண் என்று நினைத்தேன். என் தொழில் புத்தி அதற்கு மேல் போகவில்லை. ஓரத்தில் ஒரு சோடி மட்டும் இரண்டடி இடைவெளியில் நெருங்கி நின்றது. அந்த நெருக்கம் எனக்குப் பிடித்துப்போயிற்று. கையாலேயே மணலைத் தோண்டி, அதில் ஒன்றைக் கிழங்கோடு எடுத்தேன். பிடரியில் யாரோ ஊதியதுபோல இருந்தது. திரும்பினேன், ஒருவரும் இல்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு எல்லோருடைய அலங்காரமும் மேசையில் இருந்தது. என்னுடையது கண்ணாடிக் கிண்ணத்தில் வேர் தெரிய நின்றது. பாராட்டினார்கள், நானும் குளிர்ந்துபோனேன். அப்போது தேத்தண்ணீர் கொண்டுவந்தவர் ரஹீமா ராத்தா. எங்களுக்குச் சமைக்க வந்தவர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, இங்கே அகதி முகாமுக்கு வந்த குடும்பம். கிண்ணத்தைப் பார்த்ததும் தட்டத்தைக் கீழே வைத்தார்.

"இத எங்கால எடுத்த, மகள்?"

"அந்தப் பள்ளத்தில, ராத்தா. ரெண்டு செடி கிட்டக் கிட்ட நிண்டது..."

"அது கபுறு, அடக்கின இடம். என்ட மகன். முகாம்ல இருக்கக்குள்ள காய்ச்சல்ல மௌத்தாகினவன், ஒம்பது மாசப் பிள்ளை. மீசான் கல் வைக்க வழி இல்ல. அங்க எல்லாருக்கும் தலைமாட்டுல ஒண்டு, கால்மாட்டுல ஒண்டு, அதுதான் அடையாளம்."

நளீமின் முகம் வெளுத்தது. "அல்லாஹ்வே! நான் டவுன்காரன், சும்மா கிடக்கிற மணல் எண்டுதான் நினைச்சன்," என்றார். நான் செடியைக் கிண்ணத்திலிருந்து வெளியே எடுத்தேன்.

நாலரைக்கு நானும் ராத்தாவும் மட்டும் போனோம். நான் தோண்டிய குழி இல்லை. மணல் வழித்துவிட்டதுபோலச் சமமாகக் கிடந்தது. சோடி இழந்த செடி மட்டும் தனியே நின்றது. ராத்தா அதற்கு நாலைந்து அடி தள்ளியே நின்றுவிட்டார்.

"எத எடுத்த, மகள்? தலைமாடா, கால்மாடா?"

தெரியவில்லை. கைப்பேசியில் படம் எடுத்திருந்தேன், அதைத் திறந்தேன். பூ மட்டும் தெளிவாக இருந்தது. பின்னால் இருந்ததெல்லாம் மங்கல். அப்படி எடுக்கத்தான் எங்களுக்குப் பழக்கம்.

"பிள்ளை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா எண்டு தெரியாம எங்க கால வைக்கிற? மிதிச்சிருவனே," என்றார். முப்பது வருடத்துக்கு மேலாக அவர் தலைமாட்டில் இருந்து யாசீன் ஓதிய இடம் அது. நான் அழுதேன். அவர் அழவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

பிறகு என் கையிலிருந்த கிழங்கை வாங்கினார். பக்கத்தில் ஒட்டியிருந்த குட்டிக் கிழங்கைப் பிரித்தெடுத்தார். மிதிக்காமல் சுற்றிப் போய், நின்ற செடிக்கு வடக்கே இரண்டடி தள்ளிப் பெரியதையும் தெற்கே இரண்டடி தள்ளிக் குட்டியையும் என்னை நடச் சொன்னார். நட்டேன். இப்போது மூன்று செடிகள் ஒரே வரிசையில் நின்றன; பிள்ளை எந்தப் பக்கம் கிடந்தாலும் அவற்றுக்குள்தான்.

ஞாயிறு காலை ஏழரைக்கு பஸ்ஸுக்கு நின்றேன். மற்றவர்களிடம் விடைபெறக்கூட எனக்கு மனம் வரவில்லை. ராத்தா ஒரு ரொட்டிப் பார்சலோடு வந்தார்.

"விடியச் சுபஹு தொழுதிட்டுப் போய்ப் பாத்தன். ரெண்டடியாக் கிடந்தவன் இப்ப நாலடி. ஒரே நாள்ல வளந்துட்டான், மகள்," என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலடி என்றால் ஏழு வயதுப் பிள்ளையின் உயரம். சந்தியில் மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளைகள் வீதியைக் கடக்க பஸ் நின்றது. நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.