எங்கள் துறையின் முதல் தெக்கிளா

என் தங்கையின் பேரைக் கேட்டவர்கள் யாரும் ஒரே தடவையில் விட்டதில்லை. என்னது என்று ஒருமுறை கேட்பார்கள். சொன்னால், அப்படியும் ஒரு பேர் உண்டா என்று இன்னொருமுறை கேட்பார்கள். தெக்கிளா. இன்றைக்கு எங்கள் கடற்கரையில் தெருவுக்கு ஒரு தெக்கிளா இருக்கிறாள். அன்று, திருவிதாங்கூர் ராஜா ஆண்ட காலத்தில், கொளச்சலிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரைக்கும் மணலில் நடந்து தேடினாலும் அந்தப் பேரில் ஒருத்தி கிடைத்திருக்க மாட்டாள்.

துறை என்று நாங்கள் சொல்கிற எங்கள் மீனவ ஊரில் பெண்களுக்கு இருந்ததெல்லாம் ஒரு கைப்பிடிப் பேர்கள். மரியம்மாள், சூசையம்மாள், அந்தோனியம்மாள், மிக்கேலம்மாள், சவேரியம்மாள். கோயிலில் சுரூபமாக நிற்கிற புனிதர்களைத் தாண்டிப் பேர் தேடுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைத்தார்கள். தெருவில் "ஏட்டி மரியா" என்று ஒரு குரல் எழுந்தால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். அதனால் ஆளை அடையாளம் சொன்னது பட்டப்பேர்தான். நான் மூக்கொழுகி மரியா. மூக்கு ஒழுகுவது நின்று, கல்யாணமாகி, பேரப்பிள்ளை கண்ட பிறகும் அந்தப் பேர் என்னை விட்டபாடில்லை.

தங்கைக்கும் இந்தக் கைப்பிடிக்குள்தான் ஒரு பேர் காத்திருந்தது. அவள் அம்மையின் வயிற்றில் வருவதற்குச் சற்று முன்னால் அப்பாவின் கட்டுமரம் திடீர்க் காற்றில் மாட்டிச் சிதறியது. அப்பா ஒற்றை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கோட்டாற்றுச் சவேரியாரைக் கூப்பிட்டிருக்கிறார். கரை சேர்த்தால் அடுத்த பிள்ளைக்கு உம்முடைய பேர், ஆணானால் சவேரிமுத்து, பெண்ணானால் சவேரியம்மாள் என்று நேர்ச்சை. சவேரியாரும் கரை சேர்த்துவிட்டார். அப்பா அதை மனசோடு வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா? கடற்கரையில் கண்டவரிடமெல்லாம் சொல்லி, பிறக்காத பிள்ளையை ஊரே சவேரி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

அப்போது எங்களோடு பெரியம்மையும் இருந்தாள். அம்மையின் அக்காள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். இளவயதில் கன்னியர் மடத்தில் லேஸ் பின்னப் படித்திருந்தாள். மடத்தில் பெண்கள் பின்னிக்கொண்டிருக்கும்போது ஒரு கன்னியாஸ்திரி புனிதர்களின் சரித்திரத்தை உரக்க வாசிப்பாராம். பெரியம்மைக்குப் பேச்சு குறைவு. ஆனால் ஒரு வழக்கம் இருந்தது. துறையில் எந்த வீட்டில் பிரசவ நோவு கண்டாலும் கூப்பிடாமலே போய் நின்றுவிடுவாள். வயத்தாட்டி பேறு பார்ப்பாள், இவள் பக்கத்தில் ஒரு சிரட்டைத் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து அழுதால் தண்ணீரை முற்றத்தில் கொட்டிவிட்டுத் திரும்பி வருவாள். இவளுக்கு வேறு சோலி இல்லையா என்று பெண்கள் முணுமுணுப்பார்கள். எனக்கே அது வெட்கமாக இருக்கும்.

தண்ணீர் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ஞானஸ்நானம் கொடுக்க வேண்டியவர் சாமியார். எங்கள் சாமியாருக்குப் பல துறைகள். எங்களிடம் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அதற்குள் பிள்ளையின் உயிர் ஊசலாடினால், யாராவது ஒருவர் தலையில் தண்ணீர் ஊற்றி, பேர் சொல்லி, மந்திரத்தைப் பிசகாமல் சொன்னால் போதும், அது செல்லும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மோட்சமும் இல்லை, கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை. அன்றைய சட்டம் அது. ஆனால் மந்திரத்தில் ஒரு வார்த்தை தப்பினால் பாவம் நம் தலையில் என்று பயந்து யாரும் கைவைக்க மாட்டார்கள்.

தங்கை பிறந்தது ஒரு நட்டநடு மத்தியானத்தில். அப்பா கடலில். நான் வாசலில் நிற்கிறேன். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வரவே இல்லை. எட்டிப் பார்த்தேன். வயத்தாட்டியின் கையில் பிள்ளை நாவற்பழ நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் முதுகில் தட்டுகிறாள், காலைப் பிடித்து ஆட்டுகிறாள், வாயில் விரலை விட்டு வழிக்கிறாள். நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டலாமா என்று யாரோ கேட்டார்கள். வண்டி போய்ச் சேரும்வரை பிள்ளை தாங்காது என்பது கேட்டவருக்கே தெரியும்.

பெரியம்மை எழுந்தாள். வயத்தாட்டியிடமிருந்து பிள்ளையை வாங்கவில்லை; இப்படிக் காட்டு என்று மட்டும் சொன்னாள். சிரட்டையைச் சாய்த்தாள். "தெக்கிளா, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." வீட்டிலிருந்த அத்தனை பேரும் அழுதுகொண்டிருந்தபோது அவள் ஒருத்திதான் அழவில்லை. அப்படி ஒரு நெஞ்சுரத்தை நான் பிற்பாடு எந்த ஆம்பிளையிடமும் பார்த்ததில்லை.

கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சியோ என்னவோ, பிள்ளை ஒருமுறை விக்கியது. பிறகு அழுதது பாருங்கள், கடற்கரைக்கே கேட்டிருக்கும். தன் கையின் தட்டுதான் வேலை செய்தது என்று வயத்தாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இருக்கலாம்.

சாயங்காலம் அப்பா கரையேறினார். பெண், உயிரோடு இருக்கிறது என்று வழியிலேயே சொல்லிவிட்டார்கள். மீனைக்கூட இறக்காமல் ஓடிவந்து, "எனக்க சவேரியம்மையக் கொண்டாங்க, பாக்கட்டும்" என்று கையை நீட்டினார். பெரியம்மைதான் சொன்னாள்.

"சவேரியம்மை இல்ல, தெக்கிளா. நாந்தான் வெள்ளம் ஊத்தினேன்."

அப்பா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். நேர்ச்சை விஷயம் பெரியம்மைக்குத் தெரியாதா? தினமும் காதில் விழுந்த பேர்தானே? அப்பா அதைத்தான் கேட்டார். "மைனி, அந்தப் பேர விட்டுட்டு இத எங்கேருந்து எடுத்திய?" வாயில் வந்தது, சொல்லிவிட்டேன் என்றாள் பெரியம்மை.

மறுநாள் அப்பா கடலுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. புனிதருக்குக் கொடுத்த வாக்கு தப்பியவன் எந்த முகத்தோடு தண்ணீரில் இறங்குவது? இறங்கினாலும் கூட வர ஆள் வேண்டுமே. கூட்டாளிகள் வாசல்வரை வந்து, பிள்ளை சுகமா என்று கேட்டுவிட்டு நழுவினார்கள். அடுப்பில் கஞ்சி தண்ணீராகிக்கொண்டே வந்தது. பாயில் கிடந்த அம்மை, பேர் எதுவானால் என்ன, பிள்ளை இருக்கிறதே என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். ஞாயிற்றுக்கிழமை சாமியார் வரட்டும், புதிதாகத் தண்ணீர் ஊற்றிச் சவேரியம்மாள் ஆக்கிவிடலாம் என்று அப்பா முடிவு செய்திருந்தார். அதைக் கேட்டுப் பெரியம்மை கஞ்சியைத் தொடாமல் எழுந்து போனதை நான் பார்த்தேன். ஒரு பேருக்கா இப்படி என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். அம்மை தீட்டு கழியாமல் வீட்டில் இருக்க, பெரியம்மைதான் பிள்ளையை ஏந்தியிருந்தாள். வேடிக்கை பார்க்க அப்பாவின் கூட்டாளிகளும் வந்திருந்தார்கள். சாமியார் பெரியம்மையை முதலில் விசாரித்தார். எந்தத் தண்ணீர், எங்கே ஊற்றினாய், என்ன சொன்னாய். அவள் அப்படியே ஒப்பித்தாள். சாமியார் தலையை ஆட்டினார். இது செல்லும், இரண்டாம் தடவை ஊற்றுவது பாவம், பேர் தெக்கிளாதான் என்று சொல்லிவிட்டார். அப்பாவின் முகம் கறுத்துப்போயிற்று. அப்படியானால் சவேரியாருக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று அழாத குறையாகக் கேட்டார்.

சாமியாருக்கு அவசரம் இல்லாத நாள் போலிருக்கிறது. படியில் உட்கார்ந்துகொண்டு, தெக்கிளா யார் தெரியுமா என்று ஆரம்பித்தார். கிரேக்கப் பேர் அது, சர்வேசுரனுடைய மகிமை என்று அர்த்தம். அர்ச்சியசிஷ்ட சின்னப்பர், அதாவது பவுல் அப்போஸ்தலர், ஊர் ஊராகப் போதித்த காலத்தில் அவர் பேச்சைச் சன்னல் வழியே கேட்டு, பார்த்துவைத்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொன்ன பெண். அவளை நெருப்பில் போட்டார்கள், மழை வந்து அணைத்தது. சிங்கத்தின் முன் போட்டார்கள், சிங்கம் காலை நக்கியது. கடைசியில், கடல் மிருகங்கள் நிறைந்த ஒரு குளத்தைப் பார்த்தாள். எனக்கு ஞானஸ்நானம் கொடுக்க யாரும் வரவில்லை, இதோ தண்ணீர் இருக்கிறது என்று சொல்லித் தானே அதில் குதித்தாள். மிருகங்கள் செத்து மிதந்தன, அவள் கரையேறினாள்.

கூட்டாளிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். அதில் ஒருவர், "அது சொறாவா சாமி?" என்று கேட்டார். சுறாவைவிட மோசமாக இருக்கும் என்றார் சாமியார். அன்று முதல் எங்கள் துறையில் அந்தக் குளத்தில் கிடந்தது சுறாதான்.

பிறகு சாமியார் அப்பாவைப் பார்த்து, சவேரியார் நேற்றுப் பிறந்தவர், இவள் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் மூத்தவள், அவருக்கு இவள் அக்காள் முறையல்லவா என்றார். கோட்டாற்றுத் திருநாளுக்கு ஒரு மெழுகுதிரி கொண்டுபோய் வை, கணக்கு தீர்ந்தது. அப்பா யோசித்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் கண்ணால் கண்டேன். "அக்காளுக்கு விட்டுக் குடுக்காத தம்பி உண்டுமா சாமி" என்றார். கூட்டாளிகளுக்கும் அது நியாயமாகப் பட்டது.

மறுநாள் கட்டுமரம் இறங்கியது. அந்தப் பருவத்தில் நெத்திலி மடிவலை கிழிகிற அளவுக்கு விழுந்தது. அப்பா அத்தனையும் பிள்ளையின் பேருக்கு எழுதினார். சுறாக் குளத்தில் குதித்தவள் பேரல்லவா என்று சந்தையில் நின்று பெருமையடித்தார். அடுத்த வருஷமே ஒரு கூட்டாளி தன் மகளுக்குத் தெக்கிளா என்று வைத்தார். அப்புறம் பக்கத்துத் துறைக்கும் பரவியது. கடைசியில் எங்கள் தெருவிலும் தெக்கிளா என்று கூப்பிட்டால் நாலு தலை திரும்பும் என்றாகி, என் தங்கைக்கும் ஒரு பட்டப்பேர் வந்து சேர்ந்தது. அதைச் சொன்னால் இப்போதும் சண்டைக்கு வருவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததில் ஒன்று பாக்கி இருக்கிறது. சாமியார் பிள்ளையின் நாக்கில் உப்பு வைத்து, எண்ணெய் பூசி, மற்றச் சடங்குகளை முடித்துப் பேரைப் புத்தகத்தில் எழுதினார். அப்பா கூட்டாளிகளோடு பேசிக்கொண்டே நின்றுவிட்டார். பெரியம்மை பிள்ளையை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியை விட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்புறம் நடந்தாள். நான் அவள் பின்னால் ஓடினேன். மதிலுக்கு உள்ளேதான் குருசுகள். வெளியே, தாழம்புதர் ஓரமாக, சின்னச் சின்ன மணல் மேடுகள் இருந்தன. ஒன்றிலும் குருசு இல்லை, பேர் இல்லை. பிள்ளைகள் விளையாட்டுக்குக் குவித்து வைத்தவை என்று நினைத்தேன்.

பெரியம்மை ஒரு மேட்டின் பக்கத்தில் நின்றாள். நின்று, மெதுவாகக் கூப்பிட்டாள்.

"தெக்கிளா. ஒனக்க பேரு கோயில் புஸ்தகத்தில ஏறியாச்சு மக்கா."

நான் எட்டிப் பார்த்தேன். பிள்ளை வாயைத் திறந்துகொண்டு அசந்து தூங்கியது. பெரியம்மையின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "அவ உறங்குகா பெரியம்மே. இப்ப விளிச்சா கேக்காது."

"கேக்கும் மக்கா" என்றாள்.

அவள் கையிலிருந்த பிள்ளையைப் பார்க்கவே இல்லை, மணலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிறப்பதற்கு முன்னால் அவளும் ஒரு மகளைப் பெற்றிருந்தாள் என்பதையோ, தண்ணீர் ஊற்றத் துணிந்தவர் யாரும் இல்லாமல் அந்தப் பிள்ளை மதிலுக்கு வெளியே போனதையோ எனக்கு யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. வெயில் சுடுகிறது, வீட்டுக்குப் போகலாம் என்று நான் அவளை அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன்.